பழைய கேமரா இரண்டு: நம்ம வேலைக்கு எது சரி?



இந்த மாதத் தொழில் பாடம் கேமரா பற்றியது. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கோயில் பொங்கல் என்று கிராமத்தில் படம் எடுக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. நாம் செய்கிற கூடை, பை, சிறுதானிய மாவு, ஊறுகாய் இவற்றை வெளியூர் ஆட்களுக்குக் காட்டவும் நல்ல படம் வேண்டும். அதனால்தான் குழுக் கூட்டங்களில் "புதுசு வாங்க முடியாது, பழைய கேமரா ஒண்ணு கடன் போட்டு வாங்கலாமா?" என்ற பேச்சு வருகிறது.

வாங்கலாம். ஆனால் எந்தக் கேமரா? கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜையில் வைப்பார். ஒன்று விலை குறைவு. இன்னொன்று அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. "பெரிய கேமராவா வாங்கிட்டா பின்னாடி கவலை இல்லம்மா" என்பார். அவர் பேச்சைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. நம்ம வேலை என்ன என்று முதலில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கேமரா. இந்தப் பாடத்தில் உண்மையான இரண்டு பழைய கேமராக்களை எடுத்துக் கொண்டு இதைப் பார்ப்போம்.

போன் போதாதா?

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் படம் வேண்டும் என்றால் நல்ல போனே போதும். கடன் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், அசையாத பொருளுக்கு, போன் படம் நன்றாகவே வரும். ஆல்பம் போட்டுக் கொடுக்கணும், ஃபிரேம் போட்டு மாட்டணும், மங்கலான மண்டபத்தில் நகர்ந்து கொண்டே இருக்கும் ஆட்களை எடுக்கணும், தூரத்தில் இருந்து எடுக்கணும், காசு வாங்கிக் கொண்டு எடுக்கணும் என்றால்தான் லென்ஸ் மாற்றும் கேமரா தேவைப்படும்.

இரண்டு கேமரா

நிக்கான் நிறுவனத்தின் டி90, டி700 என்ற இரண்டும் 2008-ஆம் ஆண்டு வெளிவந்தவை. ஒரே ஆண்டுப் பிள்ளைகள். இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய கேமரா விற்கும் இடத்தில்தான் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

புள்ளிகள்: டி90-ல் 1 கோடியே 23 லட்சம். டி700-ல் 1 கோடியே 21 லட்சம்.
சென்சார் அளவு: டி90-ல் 23.6க்கு 15.8 மி.மீ. டி700-ல் 36க்கு 23.9 மி.மீ.
ஐ.எஸ்.ஓ.: டி90-ல் 200 முதல் 3200 வரை. டி700-ல் 200 முதல் 6400 வரை. (இரண்டிலும் இதற்கு மேலும் ஏற்றலாம், படம் கெடும்.)
ஃபோகஸ் பிடிக்கும் இடங்கள்: டி90-ல் 11. டி700-ல் 51.
ஒரு நொடியில் படம்: டி90-ல் 4.5. டி700-ல் 5.
எடை (பேட்டரி, லென்ஸ் இல்லாமல்): டி90 620 கிராம். டி700 995 கிராம்.
மெமரி கார்டு: டி90-க்கு எஸ்.டி. கார்டு. டி700-க்கு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு.
வீடியோ: டி90-ல் உண்டு. டி700-ல் இல்லை.
பேட்டரி: இரண்டுக்கும் ஒரே வகை.

இந்தப் பட்டியலில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புள்ளிக் கணக்கு மட்டும் போதாது

கேமராப் படம் என்பது புள்ளிக் கோலம் மாதிரி. சின்னச் சின்னப் புள்ளிகள் சேர்ந்துதான் படம். 10 லட்சம் புள்ளியை ஒரு மெகா பிக்சல் என்பார்கள். டி90-ல் 12.3 மெகா பிக்சல். டி700-ல் 12.1. அதாவது விலை குறைந்த கேமராவில்தான் புள்ளி கொஞ்சம் அதிகம்! "இதுல இத்தனை மெகா பிக்சல்" என்று கடைக்காரர் சொன்னால் அதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம்.

12 மெகா பிக்சல் நமக்குப் போதுமா? போதும். 12க்கு 18 இஞ்ச் ஆல்பம் பக்கம் வரை தாராளமாகப் பிரிண்ட் போடலாம். கிராமத்து விசேஷத்துக்கு அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

வெளிச்சம்தான் உண்மையான வித்தியாசம்

மழை வரும்போது முற்றத்தில் பாத்திரம் வைக்கிறோம். பத்து டம்ளர் வைத்தால் கொஞ்சம் தண்ணீர் சேரும். அதே நேரத்தில் பத்து அகலப் பானை வைத்தால் நிறையச் சேரும். எண்ணிக்கை பத்துதான், வாய் அகலம்தான் வேறு. கேமராவிலும் அப்படியே. இரண்டிலும் புள்ளி எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்று. ஆனால் டி700-ன் சென்சார் பரப்பு டி90-ஐப் போல இரண்டேகால் மடங்குக்கு மேல். ஒவ்வொரு புள்ளியும் அகலம். அதனால் அதிக வெளிச்சம் சேரும்.

வெளிச்சம் குறைவான இடத்தில் ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை ஏற்றுவார்கள். இது ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவது போல. தூரத்து ஸ்டேஷனைப் பிடித்துச் சத்தம் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் வரும் இல்லையா? படத்திலும் அந்தக் கரகரப்பு வரும். முகத்தில் மணல் தூவின மாதிரி தெரியும். டி90-ல் 1600-ஐத் தாண்டினால் இந்த மணல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். டி700-ல் 3200 வைத்தாலும் ஆல்பம் போடும் அளவுக்குப் படம் சுத்தமாக இருக்கும்.

இது யாருக்குத் தேவை? விடிவதற்கு முன் நடக்கும் முகூர்த்தம், கோயில் உள்பிரகாரம், ஒற்றை டியூப் லைட் எரியும் சமுதாயக் கூடம் இங்கெல்லாம் வேலை செய்பவர்களுக்கு. குழந்தை காது குத்தும் நேரத்தில் கையைக் காலை உதறும். மெதுவாக எடுத்தால் முகம் கலங்கிவிடும். வேகமாக எடுக்க வெளிச்சம் வேண்டும். அங்கே டி700 காசுக்கு வேலை செய்யும்.

ஆனால் ஒரு கூடையோ ஊறுகாய் பாட்டிலோ கையைக் காலை உதறாது. ஜன்னல் ஓரம் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 200-ல் மெதுவாக எடுத்தால் இரண்டு கேமராப் படத்துக்கும் நடுவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த வேலைக்கு டி700 வாங்கினால் கூடுதல் காசு வீண்.

லென்ஸ் விலையையும் சேர்த்துப் பாருங்க

கேமரா உடம்பை மட்டும் வாங்கினால் படம் வராது. லென்ஸ் வேண்டும். பெரிய கேமராவில் ஏமாறும் இடமே இதுதான்.

டி90-க்கு அதனுடனே சேர்த்து விற்கப்பட்ட 18-105 லென்ஸ் பொருத்தமானது. குடும்பமாக நிற்பவர்களையும் எடுக்கலாம், ஒரு முகத்தை மட்டும் கிட்டத்திலும் எடுக்கலாம். இந்தச் சின்ன சென்சார் லென்ஸ்களில் 'டி.எக்ஸ்.' என்று எழுதியிருக்கும். அதையே டி700-ல் மாட்டினால் என்ன ஆகும்? மாட்டும், படமும் வரும். ஆனால் கேமரா ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். 1 கோடியே 21 லட்சம் புள்ளி 51 லட்சமாகச் சுருங்கிவிடும். பெரிய கேமராவுக்குப் பணம் கொடுத்துவிட்டு பாதிக்கும் குறைவான புள்ளியை வாங்குகிறோம்! ஆகவே டி700 வாங்குபவர் பெரிய சென்சாருக்கான லென்ஸும் வாங்க வேண்டும். அது விலையும் அதிகம், எடையும் அதிகம்.

டி90 வாங்கியவர்கள் மங்கலான இடத்துக்கு என்ன செய்வது? 35 அல்லது 50 மி.மீ. அளவில் '1.8' என்று எழுதிய சின்ன லென்ஸ் கிடைக்கும். 18-105 லென்ஸை விட ஏறக்குறைய நாலு மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை வெளிச்சம் உள்ளே விடும். டி90-ல் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் கிட்டத்தில் காட்டும். ஒரு முகத்துக்கு நல்லது. பத்துப் பேர் வரிசையாக நின்றால் பின்னால் போக இடம் இருக்காது. அதனால் விசேஷ வீட்டுக்கு 35 மி.மீ. வசதி.

ஒரு எச்சரிக்கை. 'ஏஎஃப்-பி' என்று எழுதிய நிக்கான் லென்ஸ்கள் பின்னாளில் வந்தவை. டி90, டி700 இரண்டிலும் அவை ஃபோகஸ் ஆகாது. மலிவாகக் கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க.

எடை, கார்டு, ஆட்டோ, வீடியோ

டி90-ஐ 18-105 லென்ஸோடு கழுத்தில் மாட்டினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டி700-ஐ நிக்கானின் 24-70 பெரிய லென்ஸோடு மாட்டினால் ஏறக்குறைய 1 கிலோ 900 கிராம். காலை ஐந்து மணி முதல் பந்தி முடியும் வரை அதைச் சுமக்க வேண்டும். கழுத்து வலி உள்ளவர்கள் யோசிக்கணும். ஆனால் டி700-ன் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம். தூசியும் ஈரமும் புகாமல் அடைப்பும் உண்டு. டி90 பிளாஸ்டிக் கூடு.

டி90-ன் எஸ்.டி. கார்டு எளிதில் கிடைக்கும். 32 ஜி.பி. வரை உள்ள கார்டு வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். டி700-ன் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைத் தேடித்தான் வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் போட அதற்கென்று தனி ரீடரும் தேவை.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். டி90-ல் 'ஆட்டோ' என்ற பச்சைக் குறி உண்டு. அதில் வைத்துக் கொண்டே முதல் நாள் படம் எடுக்கலாம். டி700-ல் அந்தப் பச்சைக் குறியே கிடையாது. வெளிச்சம், வேகம் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தால்தான் கையாள முடியும்.

லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் வீடியோவும் எடுக்கும் முதல் கேமரா டி90தான். ஆனால் உயர் தரத்தில் ஒரு தடவைக்கு அதிகம் போனால் 5 நிமிடம். எடுக்கும்போது ஃபோகஸ் தானாக மாறாது. இன்றைய போன் அதை விட நல்ல வீடியோ எடுக்கும். எனவே வீடியோவுக்காக டி90 வாங்க வேண்டாம். படத்துக்காக வாங்குங்கள்.

எந்தக் குழுவுக்கு எது?

முதல் குழு என்று ஒன்றை வைத்துக் கொள்வோம். பனை ஓலைக் கூடையும் பலகாரமும் செய்கிறார்கள். கண்காட்சிக்கு நோட்டீஸ் அடிக்கணும், பொருளை வாங்குபவர்களுக்குப் படம் அனுப்பணும். மாதம் ஒரு காதுகுத்தோ வளைகாப்போ வந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். யாரும் இதுவரை கேமரா பிடித்ததில்லை. இவர்களுக்கு டி90, 18-105 லென்ஸ், ஒரு ஸ்டாண்ட். இரண்டாவது ஆண்டில் தேவை என்றால் 1.8 லென்ஸ்.

இரண்டாவது குழு. அதில் இரண்டு பேர் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள். கல்யாண வேலைக்கு ஏற்கெனவே கூப்பிடுகிறார்கள். மண்டபம், கோயில் என்று வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் பாதி வேலை. மாதம் மூன்று, நாலு முன்பதிவு கைவசம் இருக்கு. இவர்களுக்கு டி700 பொருந்தும். அவர்களும் வாங்கும் முன் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு குழுவும் புத்திசாலிகள்தான். வேலை வேறு, அதனால் கேமரா வேறு.

கடன் கணக்கு போட்டுப் பாருங்க

கீழே உள்ள தொகை கணக்குப் புரிவதற்காக வைத்தது. உங்கள் ஊரில் விலை விசாரித்து மாற்றிக் கொள்ளுங்கள். டி90 செட்டு ரூ.18,000 என்றும், டி700 செட்டு லென்ஸோடு ரூ.54,000 என்றும் வைப்போம். 18 மாதத் தவணை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மீதி அசலுக்கு மட்டும்.

டி90: அசல் ரூ.1,000, முதல் மாத வட்டி ரூ.180. முதல் தவணை ரூ.1,180. மொத்த வட்டி ரூ.1,710.
டி700: அசல் ரூ.3,000, முதல் மாத வட்டி ரூ.540. முதல் தவணை ரூ.3,540. மொத்த வட்டி ரூ.5,130.

ஒரு விசேஷத்துக்குப் பிரிண்ட், பஸ் செலவு போகக் கையில் ரூ.1,200 நிற்கிறது என்று வையுங்கள். டி90-க்கு மாதம் ஒரு விசேஷம் கிடைத்தால் தவணை கட்டிவிடலாம். டி700-க்கு மூன்று விசேஷம் கிடைத்தால்தான் தவணை. நாலாவது விசேஷம்தான் நமக்கு வருமானம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம், காதுகுத்து இருக்காது. தவணை மட்டும் இருக்கும். அந்த இரண்டு மாதத் தவணையை வைகாசி, ஆவணி, தை மாத வருமானத்தில் இருந்து எடுத்து வைக்க முடியுமா? இதற்குப் பதில் இல்லாமல் பெரிய கேமராவுக்குத் தீர்மானம் போட வேண்டாம். பீரோவில் தூங்கும் கேமராவுக்கும் வட்டி ஓடும். அந்த வட்டி அடுத்த உறுப்பினர் பிள்ளையின் படிப்புக்குக் கேட்கும் கடனைத் தள்ளிப் போடும்.

வாங்கப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். இரண்டு உறுப்பினர்களாவது போங்கள். பகல் நேரத்தில் போங்கள். கையில் ஒரு டார்ச் லைட், நம்முடைய மெமரி கார்டு.

1. எத்தனை படம் எடுத்த கேமரா என்று கேளுங்கள். டி90-ன் ஷட்டர் 1 லட்சம் முறை, டி700-ன் ஷட்டர் 1 லட்சத்து 50 ஆயிரம் முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. படத்தின் பெயரில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். 9999 ஆனதும் அது மறுபடி 1-ல் இருந்து தொடங்கும். புதிதாக ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டர் தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தால் படத்துக்குள் பதிந்திருக்கும் உண்மையான எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்வார்.

2. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல, வேர் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

3. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16 வைத்து ஒரு படம் எடுங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

4. டி700 என்றால் கார்டு போடும் இடத்துக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே உள்ள கம்பிகள் ஒன்றுகூட வளைந்திருக்கக் கூடாது.

5. மெனுவில் பேட்டரி தகவல் என்ற பகுதி இரண்டிலும் உண்டு. 0 என்றால் புதுசு. 4 என்றால் மாற்றும் நேரம் வந்தாச்சு.

6. கைப்பிடி ரப்பர் உரிந்திருக்கா, பட்டன் எல்லாம் அமுங்குதா, உள் ஃபிளாஷ் எரியுதா என்று பாருங்கள்.

7. பில் இல்லாமல் வாங்காதீர்கள். கேமராவின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். திருட்டுப் பொருள் நம் தலையில் விழக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். தோல் பையில் மூடி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கேமரா யார் கையில்?

கடன் நம் பேரில், கேமரா வீட்டு ஆம்பளைங்க கையில் என்று ஆகிவிடக் கூடாது. "உனக்கு இதெல்லாம் வராது, கொடு" என்று யாராவது சொன்னால் ஹோமாய் வியாரவாலா பெயரைச் சொல்லுங்கள். 1913-ல் குஜராத்தில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக் கொண்டு கனமான கேமராவைச் சுமந்து நாட்டு விடுதலைக் காலத்துத் தலைவர்களை எல்லாம் படம் எடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்று, 2012-ல் காலமானார்.

யார் எடுத்துச் செல்கிறார், என்று திரும்பியது, என்ன வருமானம் என்று ஒரு நோட்டு போடுங்கள். வெளியாளுக்கு இரவல் இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. மஞ்சள் நீராட்டில் எடுக்கும் படம் அந்தப் பெண் குழந்தையின் படம். அவளையும் அவள் அம்மாவையும் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. பிரிண்ட் கடையில் கார்டை விட்டுவிட்டு வரக் கூடாது. கூடவே இருந்து வாங்கி வாருங்கள். பெண் எடுத்தால் நம்பிக்கை என்றுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் எந்தக் கேமரா வைத்திருந்தும் பயனில்லை.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

(ஊக்குநர் வாசிக்க, உறுப்பினர்கள் பதில் சொல்லலாம். பதில்களை நோட்டில் எழுதுங்கள்.)

1. போன ஆறு மாதத்தில் நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் எத்தனை விசேஷம் நடந்தது? அதில் எத்தனை வீட்டில் நம்மைக் கூப்பிட்டிருப்பார்கள்?
2. அவற்றில் பகல் வெளிச்சத்தில் நடந்தது எத்தனை? மங்கலான இடத்தில் நடந்தது எத்தனை?
3. நம் குழுவில் கேமரா கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கக் கூடிய இரண்டு பேர் யார்?
4. ஆடி, மார்கழித் தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும்?
5. இந்த நாலு பதிலையும் வைத்துப் பார்த்தால் நமக்கு எது சரி? போனா, டி90 மாதிரியா, டி700 மாதிரியா? அல்லது இப்போதைக்கு வாடகை போதுமா?

பதில் எழுதிய நோட்டை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதி எடுத்து வரட்டும். வேலையும் கணக்கும் எழுதி வந்த பிறகு கேமராக் கடன் பற்றிச் சேர்ந்து பேசலாம்.